பின்பக்கம் பார்க்கும் இருக்கை

இனியாவின் அப்பாவுக்கு,

உன்னை நான் இப்படி அழைத்து எழுதுவது இதுதான் முதல் தடவை. பெயர் சொல்லி எழுதினால் நீ என் பிள்ளையாகிவிடுவாய், நான் அதட்ட ஆரம்பித்துவிடுவேன். இந்தக் கடிதத்தை ஒரு சின்னப் பெண்ணின் தகப்பன் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் உன் அப்பாவைப் பற்றிப் பேச வாயெடுத்ததுமே நீ “அப்புறம் பேசலாம்மா, மீட்டிங் இருக்கு” என்கிறாய். ஞாயிற்றுக்கிழமையிலும் மீட்டிங் வைக்கும் அலுவலகம் எதுவென்று நான் கேட்டதில்லை. கடிதத்துக்கு அந்தச் சௌகரியம் உண்டு. அது இடையில் துண்டிக்கப்படாது.

நீ அனுப்பிய வாட்ஸ்அப்பைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். “அம்மா, பொங்கல் லீவுக்கு இந்த வாட்டி கடலூர் வேணாம். பாண்டி பக்கம் ஒரு ரிசார்ட் பாத்துருக்கேன். பாப்பாவுக்கு குட்டி ஸ்விம்மிங் பூல், சறுக்கு மரம் எல்லாம் இருக்கு. உனக்கு கார் அனுப்புறேன், நீயும் அங்க வந்துடு.” எழுத்துப்பிழை இல்லாமல் எழுதியிருக்கிறாய், மெச்சுகிறேன். காரணம் எழுதவில்லை. கீழே இன்னொரு வரி போட்டிருந்தாய்: “கடலூர்ல ரெண்டு வயசுக் குழந்தைய வெச்சுக்கிட்டு எங்கதாம்மா போறது?” அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். நீ எழுதாமல் விட்ட காரணமும் தெரியும். இரண்டையும் இந்தக் கடிதத்திலேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் கேள்விக்கு வருகிறேன். உன் அப்பா மின்வாரிய அலுவலகத்தில் வேலை பார்த்த காலத்தில், உனக்கு இனியாவின் வயது இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை என்றால் உன்னைத் தூக்கிக்கொண்டு எங்காவது கிளம்பிவிடுவார். சம்பளம் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். அதனால் அவர் போகிற இடமெல்லாம் காசு கேட்காத இடமாகத்தான் இருக்கும். ஆனால் காசில்லை என்பதற்காக ஏதோ ஒரு இடத்துக்குப் போகிறவர் அல்ல அவர். முதலில் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். குழந்தை தொட்டுப் பார்க்க அங்கே என்ன இருக்கிறது, கீழே உட்கார்ந்தால் யாராவது விரட்டுவார்களா, அழ ஆரம்பித்தால் உடனே கிளம்பிவர முடியுமா என்று பார்ப்பார். நுழைவுச்சீட்டு வாங்கிவிட்டால் பெரியவர்களுக்குப் பேராசை வந்துவிடும் என்பார். கொடுத்த காசுக்கு முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று தூங்குகிற குழந்தையையும் எழுப்பிக் காட்டுவார்கள். உன் ரிசார்ட்டில் நீ அதைத்தான் செய்யப்போகிறாய். குளத்தில் இறங்கமாட்டேன் என்று பாப்பா அழுவாள். நீ வாடகையை நினைத்துக்கொண்டு அவளைத் தண்ணீரில் இறக்குவாய்.

நான் அவரோடு ஒத்துப்போனவள் என்று நினைத்துவிடாதே. கான்வென்ட்டில் படித்தவள் நான். வெளியே கிளம்பும் பிள்ளை எப்படி இருக்க வேண்டும் என்று எனக்கொரு கணக்கு உண்டு. கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டை, வெள்ளை சாக்ஸ், நாடா கட்டிய ஷூ. தெருவில் நின்று எதையும் தின்னக்கூடாது. மண்ணில் உட்காரக்கூடாது. நான் அப்படி உன்னை ஜோடித்துக் கையில் கொடுத்தால், அவர் தெருமுனை திரும்பியதும் ஷூவைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொள்வார். ஒருநாள் நானும் கூட வந்தபோதுதான் அது தெரிந்தது. “மதர் உத்தரவு வீட்டு வாசல் வரைக்கும்தான் செல்லும், இல்லடா தம்பி?” என்று உன்னிடம் கேட்டார். மதர் என்றால் நான்தான். எங்கள் கான்வென்ட் மதரை அவர் பார்த்ததேயில்லை. என்னைப் பார்த்து ஊகித்துக்கொண்டார்.

அன்று நாம் போனது வடலூருக்கு. தைப்பூசக் கூட்டம் இல்லாத ஒரு சாதாரண நாள். அந்தப் பெரிய வெளியில் ஞான சபையை உனக்குக் காட்ட வேண்டும் என்று நான் தவிக்கிறேன். நீயோ குனிந்து ஓர் எறும்புச் சாரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். முகவாயைப் பிடித்துத் திருப்பினேன், நீ மறுபடியும் குனிந்துகொண்டாய். “இதுக்கா பஸ் ஏறி வந்தோம்? எறும்பு நம்ம சமையல்கட்டுலயே இருக்கே” என்றேன். அவர் உன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டு சொன்னார்: “மதர், அவன் பாக்கறத நாமதான் குனிஞ்சு பாக்கணும். நாம காட்றத அவன் பாத்துதான் ஆவணும்னு என்னா இருக்கு?” அதன்பிறகு தருமச்சாலையில் அன்னதான வரிசையில் உட்கார்ந்தோம். உன் இலையில் நீயே கை வைத்துச் சாப்பிட்ட முதல் சோறு அதுதான். பாதி தரையில், கால்வாசி என் புடவையில், மிச்சம் உன் வாயில். பாப்பாவை அங்கே அழைத்துப் போ. அரை நாள் போதும். ஓர் இடம், அரை நாள், மத்தியானத் தூக்கத்துக்கு வீடு. அவர் வைத்திருந்த சட்டம் அவ்வளவுதான்.

சில்வர் பீச்சுக்குச் சாயங்காலம் போகாதே. கூட்டம் ஜாஸ்தி, குழந்தைக்கு மனிதர்களின் கால்கள்தான் தெரியும். காலையில் வெயில் ஏறுவதற்கு முன் போனால் மணல் குளிர்ந்து கிடக்கும். அலைக்கு அருகே போக வேண்டியதே இல்லை. அவளுக்கு மணலே போதும், ஒரு டம்ளரும் கரண்டியும் எடுத்துப் போ. அங்கே ஒரு சுண்டல்காரம்மா இருந்தாள், உனக்கு நினைவிருக்காது. உன் ஷூவை அவள் கூடைக்கு அருகில் வைத்துவிட்டுத்தான் அப்பா உன்னை மணலில் விடுவார். கடல் ஊருக்குள் வந்த அந்த மார்கழிக்குப் பிறகு அவளை நாங்கள் பார்க்கவில்லை. கடலோடு போய்விட்டாளா, வேறு ஊருக்குப் பிழைக்கப் போனாளா என்று தெரியவில்லை. அவள் பெயரை நாங்கள் கேட்டு வைத்திருக்கவில்லை, யாரென்று சொல்லி விசாரிப்பது? அப்பா ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் நடப்பார். “யாரத் தேடுறீங்க?” என்றால், “யாரையும் இல்ல” என்பார். யாரையும் இல்லை என்பவர்கள்தான் தேடுகிறார்கள். நீ உன் அப்பாவின் நாற்காலியைத் தாண்டிப் போகும்போது கண்ணைக் கைப்பேசிக்குள் வைத்துக்கொள்வதை நான் பார்க்கவில்லை என்று நினைக்காதே.

பிச்சாவரம் இப்போது வேண்டாம். படகுக்குக் காத்திருக்க வேண்டும், வெயில், உள்ளே போனபிறகு அழுதால் திரும்பவும் முடியாது. அவள் பள்ளிக்கூடம் போகட்டும், அப்புறம் பார்க்கலாம். சிதம்பரம் கோயில் நல்ல இடம். நடை சாத்துவதற்கு முன் காலையிலேயே போய்விட வேண்டும். வெளிப் பிராகாரத்தில் விட்டால் புறாவைத் துரத்திக்கொண்டு அவள் பாட்டுக்கு ஓடுவாள், யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். குளத்துப் பக்கம் மட்டும் கையை விடாதே. ஆனால் சிதம்பரம் போவதில் சிதம்பரத்தைவிட நல்லது அங்கே போகும் பாசஞ்சர் ரயில்தான். அப்பா உனக்காகத் தேர்ந்தெடுத்த இடங்களிலேயே அவருக்கு மிகவும் பிடித்தது அதுதான். அவளுக்கு டிக்கெட்டே கிடையாது. நமக்கான டிக்கெட் அவள் தின்னும் பிஸ்கட் பாக்கெட்டைவிட மலிவு.

அந்த ரயிலில் அவர் ஒருபோதும் வண்டி போகும் திசையைப் பார்த்து உட்காரமாட்டார். எதிர் இருக்கையில், பின்பக்கம் பார்த்து, ஜன்னலோரம், மடியில் நீ. எனக்கு அது சரிப்படவில்லை. “எல்லாரும் முன்னால பாத்துதான் உக்காருவாங்க, நீங்க என்னங்க அதிசயமா?” என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “முன்னால பாத்து உக்காந்தா எல்லாம் வெடுக்குனு வந்து வெடுக்குனு போயிடும். கொழந்த கண்ணு அதப் புடிக்கறதுக்குள்ள காணாமப் போயிடும். இப்பிடி உக்காந்தா வந்தது போறவரைக்கும் கண்ணுலயே இருக்கும். டாட்டா சொல்ல டைம் கெடைக்கும்.” நீங்கள் இருவரும் எல்லாவற்றுக்கும் டாட்டா சொல்வீர்கள். தண்ணீர்த் தொட்டிக்கு, ஆலப்பாக்கத்துக் கொக்குக்கு, வெள்ளாற்றுப் பாலத்துக்குக் கீழே நிற்கும் தோணிக்கு. உனக்குக் கையை ஆட்டத் தெரியாது, விரல்களை மட்டும் மடக்கி மடக்கி விரிப்பாய். அவரும் அப்படியே செய்வார். இவ்வளவு பெரிய மனிதர் ஊர் பார்க்க விரலை மடக்கி விரிக்கிறாரே என்று எனக்குக் கூச்சமாக இருக்கும். நான் வேறு ஜன்னலைப் பார்த்துக்கொள்வேன்.

இப்போது நீ எழுதாத காரணத்துக்கு வருகிறேன்.

போன விடுமுறையில் நான்தான் உங்களை அந்த ரயிலுக்குக் கிளப்பினேன். திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் ஏறினோம். நீயும் நித்யாவும் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தீர்கள். நான் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு எதிரே, பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தேன். வண்டி நகர்ந்தது. பிளாட்பாரத்தின் கடைசியில் கூரைக்கு வெளியே தனியாக ஒரு சிமெண்டு பெஞ்சு இருக்கிறது. வண்டி வரும்வரை அப்பா உன்னை வைத்துக்கொண்டு உட்காரும் பெஞ்சு. அது எங்களைத் தாண்டிப் பின்னால் போனபோது பாப்பா அதைப் பார்த்துச் சிரித்தாள். விரலை மடக்கி விரித்தாள். “தாத்தா, டாட்டா” என்றாள். நித்யா எட்டிப் பார்த்தாள். நீ எழுந்து கம்பியில் முகத்தை வைத்துப் பார்த்தாய். பெஞ்சு காலியாக இருந்தது. “யாருக்குடி சொன்ன? எந்தத் தாத்தா?” என்று நித்யா கேட்டதற்கு, “தாத்தா போயிச்சு” என்றாள் குழந்தை. நித்யா அவளைப் பிடுங்கித் தன் மார்போடு அணைத்துக்கொண்டாள். வெள்ளாற்றுப் பாலம் வந்தது, யாரும் டாட்டா சொல்லவில்லை. கோயிலுக்கும் போகவில்லை. ஸ்டேஷன் வாசலிலேயே நித்யா, “காட்டுமன்னார்கோவில்ல எங்கம்மா வீட்டுக்குப் போறோம் அத்தை. தப்பா நெனச்சிக்காதீங்க” என்று சொல்லிவிட்டாள். நான் தப்பாக நினைக்கவில்லை. தாய்க்காரி பயந்தால் பயந்ததுதான்.

அன்று சாயங்காலம் சம்பந்தியம்மா பாப்பாவை லால்பேட்டைக்குத் தூக்கிப் போய், பள்ளிவாசல் வாசலில் தொழுகை முடியும்வரை நின்று, அங்கே தொழ வைக்கும் ஹஜ்ரத்தை ஓதி ஊதச் சொல்லிக் கூட்டி வந்ததை எனக்குப் போனில் சொன்னார்கள். நான் இதையெல்லாம் நம்புகிறவள் அல்ல என்று அவர்களுக்கும் தெரியும், அதனால் தயங்கித் தயங்கித்தான் சொன்னார்கள். “சம்பந்தி, அவரு சிரிக்கிறாரு சம்பந்தி. ‘புள்ள நல்லாத்தான் இருக்கு, என் தாடியப் புடிச்சி இழுக்குது. கூட வந்தவங்க மூஞ்சிதான் சரியில்ல. ஒங்களுக்கும் சேத்து ஓதிடட்டுமா?’ன்னு கேக்குறாரு.” நானும் சிரித்தேன்.

என்ன நடந்தது என்று நீ என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ரெண்டு வயதுக் குழந்தைக்கு நரைத்த தலையெல்லாம் தாத்தா. தூரத்தில் தண்டவாள ஓரமாக ஒரு கிழவர் நடந்திருக்கலாம். கூடத்துப் படத்தைக் காட்டி “தாத்தா பாரு” என்று நானே அவளுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். விரலை மடக்கி விரிக்காத குழந்தை உலகத்தில் கிடையாது. இத்தனையும் சரி. ஆனாலும் நான் பொய் சொல்லப் பழகாதவள். பெஞ்சை நானும் பார்த்தேன், அது தாண்டிப்போகும்போதும் பார்த்தேன், பின்பும் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. தண்டவாள ஓரத்திலும் யாரும் இல்லை. அவள் யாரைப் பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது.

உங்களை அனுப்பிவிட்டு நான் அடுத்த வண்டியில் தனியாகத் திரும்பினேன். இறங்கி நேரே அந்தப் பெஞ்சுக்குத்தான் போனேன். கைக்குட்டை விரித்து உட்கார்ந்தேன். அதற்குப் பிறகும் பல தடவை போயிருக்கிறேன். சிதம்பரத்துக்கு டிக்கெட் எடுத்து, பின்பக்கம் பார்க்கும் இருக்கையில் உட்கார்ந்து, அந்தப் பெஞ்சு சின்னதாகிச் சின்னதாகிப் புள்ளியாகும்வரை கண் கொட்டாமல் பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரம்மா, “என்னாக்கா, ஓயாம செதம்பரம் போறீங்க, வேண்டுதலா?” என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அந்த மனிதரோடு ஒரு ஆயுள் குடித்தனம் நடத்தியவள் நான். அவர் கண்ணால்கூடக் கண்டிராத குழந்தைக்குத் தெரிகிறார், எனக்குத் தெரியவில்லை. கோபமாக இருந்தது. உன்னிடம் சொல்ல வெட்கமாகவும் இருந்தது.

ஆனால் அந்த இருக்கை எனக்கு வேறொன்றைக் கொடுத்தது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

கொரோனாவில் அப்பாவை ஆம்புலன்சில் ஏற்றிய நாளை உனக்கு நான் போனில் சொன்னேன். நீ பெங்களூரில் அடைபட்டுக் கிடந்தாய். என்னை ஏறவிடவில்லை. அவர் படுக்கமாட்டேன் என்று ஸ்ட்ரெச்சரிலேயே சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். பின்கதவைச் சாத்தினார்கள். கண்ணாடி வழியே அவர் முகம் தெரிந்தது. நம் தெரு மைதானம் வரை நேராகப் போகிறதல்லவா, அந்தத் தெரு முழுக்க என்னைப் பார்த்தபடியே போனார். கையைத் தூக்கி விரல்களை மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார். எதையோ கேட்கிறார் என்று நினைத்தேன். எதையோ மறந்துவிட்டார், கொண்டுவா என்கிறார். மூக்குக்கண்ணாடியா? அடுத்த நாள் அதை ஆள் மூலம் கொடுத்தனுப்பினேன். பிறகு துண்டு. பிறகு வெந்நீர் ஃபிளாஸ்க். எதுவும் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. உன்னை வார்டுக்குப் போன் செய்யச் சொல்லி எத்தனை பாடு படுத்தினேன். “அப்பா என்னா கேட்டாருன்னு மட்டும் கேட்டுச் சொல்லுடா” என்றேன். நீயும் ராத்திரி பகல் பார்க்காமல் செய்தாய். யாராவது எடுத்தால், “கேட்டுச் சொல்றோம் சார்” என்று வைத்துவிடுவார்கள். கடைசிவரை யாரும் கேட்டுச் சொல்லவில்லை. பிறகு கேட்க ஆள் இல்லை. கட்டிய துணிக்குள் இருந்தது அவர்தான் என்று மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உனக்கு அந்தத் துணிகூட இல்லை.

அன்றிலிருந்து நானும் நீயும் ஒரே கேள்வியை இரண்டு ஊரில் வைத்துக்கொண்டு வாழ்கிறோம். அவர் என்ன கேட்டார், நாம் என்ன கொடுக்காமல் விட்டோம் என்று. எனக்கு அது அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் வரும். உனக்கு எப்போது வருமென்று தெரியாது. கடலூருக்கு வந்தால் வரும் என்று மட்டும் தெரிகிறது.

ஒருநாள் தனியாக அந்த ரயிலில் பெஞ்சைப் பார்த்துக்கொண்டு போகும்போது, பாப்பா செய்தது போல நானும் என் விரலை மடக்கி விரித்துப் பார்த்தேன். சும்மாதான். பெட்டியில் யாரும் இல்லை. செய்துகொண்டிருக்கும்போதே கை நின்றுவிட்டது. நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு அவர் யாருக்கும் அப்படிச் செய்ததில்லை, அதனால் நான் மறந்தே போயிருந்தேன். ஆம்புலன்சில் அவர் பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தார். தெரு முழுக்க அவருக்கு நேரம் இருந்தது. வீடு, வாசல், நான், எல்லாம் போகிறவரைக்கும் அவர் கண்ணிலேயே இருந்தது.

அவர் எதையும் கேட்கவில்லை. நீயும் நானும் எதையும் கொடுக்காமல் விடவில்லை.

இதைச் சொல்லாமல் உன்னை ரிசார்ட்டுக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அன்று ரயிலில் எழுந்து கம்பியில் முகம் வைத்தாயே, உன் முகத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். நித்யாவின் முகத்தில் இருந்த பயம் அதில் இல்லை. காலியான பெஞ்சைப் பார்த்துவிட்டு, கூட்டத்தில் தகப்பன் கை நழுவிய பிள்ளையைப் போல நின்றாய். நித்யாவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. அவளுக்கு இஷ்டமில்லை என்றால் அவள் நம் வீட்டில் என்னோடு இருக்கட்டும், நீயும் பாப்பாவும் மட்டும் போய் வாருங்கள். அவளும் வருவதானால் நான் இந்த முறை முன்பக்கம் பார்த்து அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். பின்பக்கம் பார்க்கும் இருக்கை உனக்கு. மடியில் பாப்பா. வண்டி நகரும், பெஞ்சு வரும், பின்னால் போகும். அவள் சொன்னால் சொல்லட்டும், சொல்லாமல் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாலும் சரி. யாருக்குச் சொல்கிறாய் என்று கேட்காதே. அது புள்ளியாகும்வரை நேரம் இருக்கிறது, அவசரப்படாமல் நீயும் கையைத் தூக்கு. யாராவது பார்த்தால் பார்க்கட்டும். நான் வேறு ஜன்னலைப் பார்க்கமாட்டேன்.

பாப்பாவுக்கு ஒரு மாற்று உடுப்பும் தொப்பியும் எடுத்து வா. ஷூ வேண்டாம்.

அம்மா